ராகிக் காவலுக்கும் காட்டு நடைக்கும் பருத்தி ஜாக்கெட்: எந்தத் துணி தாங்கும்?

மேலகிரி_நடை (தேன்கனிக்கோட்டை)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்செட்டிப் பக்கம் மாமாவுக்கு மூன்று ஏக்கர் ராகி இருக்கிறது. கதிர் முற்றும் நாளில் யானை வரும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மார்கழி முடியும் வரை பரண் மேல் இரவுக் காவல். மாதத்தில் பத்து நாளாவது நானும் போவேன். மற்ற நாட்களில் பறவை பார்க்கக் காட்டோரம் நடப்பது வழக்கம்.

இதுவரை மூன்று நைலான் ஜாக்கெட் வாங்கிவிட்டேன். முதலாவதில் நெருப்புப் பொறி விழுந்து சல்லடையானது. இரண்டாவதை இண்டு முள் கிழித்தது. மூன்றாவது இன்னும் இருக்கிறது, ஆனால் கையைத் தூக்கினாலே சரசரவென்று சத்தம். குருவியும் பறந்துவிடும், பரணில் பக்கத்தில் படுத்திருக்கும் மாமாவும் எழுந்துவிடுவார். ஏற்றத்தில் நடந்தால் உள்ளே வேர்வை ஊற்றுகிறது.

மிக நெருக்கமாக நெய்த பருத்தியில் வெளிநாட்டில் ஜாக்கெட் தைக்கிறார்கள், காற்றும் தூறலும் உள்ளே வராது, சத்தமும் இருக்காது என்று கேள்விப்பட்டேன். வென்டைல் என்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். நம் பக்கம் கிடைக்கும் துணியில் தைத்துக்கொள்ள முடியுமா? போப்ளின், டிரில், கேன்வாஸ், டெரிகாட்டன் எல்லாம் பெயரளவில்தான் தெரியும். எது எதற்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நல்லது.

ஓசூர்_ரைடர்

பருத்தியா? மழைக்கா? நண்பா, துண்டு எதில் நெய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரைக் குடிப்பதற்கென்றே பிறந்த இழை அது. நனைந்த பருத்தி குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சவ்வு (உள்ளே ஒட்டிய மெல்லிய நீர்புகாப் படலம்) வைத்த ஜாக்கெட் வாங்குங்கள், பேச்சு முடிந்தது.

பாவும்_ஊடையும் (தருமபுரி)

ரைடர் தம்பி சொன்ன "தண்ணீரைக் குடிக்கும்" என்பதுதான் இதில் சூட்சுமமே. அது குறையில்லை, அதை வைத்துத்தான் இந்தத் துணியே வேலை செய்கிறது. கோவைப் பக்கம் ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் 31 வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி வழியாகப் போகும் பழைய லாரிகளின் முன்னால் ஒரு கேன்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கும், ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். புதுப் பையில் தண்ணீர் ஊற்றினால் முதல் நாள் சொட்டும். டிரைவர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். ஊறட்டும் என்று விட்டுவிடுவார். ஊறியதும் சொட்டு நின்று மேலே லேசாக ஈரம் மட்டும் இருக்கும், அந்த ஈரம் காற்றில் காய்ந்து உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகும். அந்தப் பையில் பூச்சு எதுவும் கிடையாது. ஊறிய இழை பக்கவாட்டில் பருத்து, நூலுக்கு நூல் இடையில் இருந்த கண்ணை அடைத்துவிட்டது, அவ்வளவுதான். இழை நனைந்தால் நீளத்தில் அதிகம் கூடாது, தடிமனில்தான் கூடும்.

நீங்கள் கேட்ட வென்டைலும் இதே வழியில் வந்ததுதான். இரண்டாம் உலகப் போர் வரும் வேளையில் தீயணைப்புக் குழாய்க்கும் வாளிக்கும் வேண்டிய சணல் வகை நார் கிடைக்காமல் போகும் என்று இங்கிலாந்தில் பயம் இருந்தது. அதற்குப் பதிலாகப் பருத்தியை நெருக்கி நெய்ய முடியுமா என்று மான்செஸ்டரில் இருந்த ஷர்லி இன்ஸ்டிட்யூட்டில் ஆராய்ந்தார்கள். பிறகு அதே துணி விமானிகளின் உடுப்பாக மாறியது. வட அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போர் விமானத்தைக் கப்பலிலிருந்தே வீசிக் கிளப்புவார்கள். திரும்பி இறங்க ஓடுதளம் இல்லாததால், பெரும்பாலும் கப்பல் பக்கத்தில் கடலிலேயே விழ வேண்டியதுதான். அந்தத் தண்ணீரில் சாதாரண உடுப்போடு விழுந்தவனுக்குச் சில நிமிடம்தான் உயிர். இந்த உடுப்பில் அது 20 நிமிடம் வரை நீண்டது.

துணியின் கட்டமைப்பு இதுதான். மிக நீளமான இழையுள்ள பஞ்சு, அதில் முறுக்குக் குறைவான நூல். பாவில், அதாவது நீளவாக்கில், இரண்டிரண்டு நூல் சேர்ந்து ஒன்றாக ஓடும். சாதாரணத் துணியைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு நூல் கூடுதல். காய்ந்திருக்கும்போது கண் சுமார் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), நனைந்தால் 3, 4 மைக்ரானாகச் சுருங்கும். முறுக்கு ஏன் குறைவு என்று கேட்பீர்கள். இறுக்கி முறுக்கிய நூல் கயிறு மாதிரி உருண்டையாக நிற்கும், பக்கத்து நூலோடு ஒட்டாது. தளர்ந்த நூல் தட்டையாகப் படுக்கும், ஊதவும் இடம் இருக்கும். ஆனால் தளர்ந்த நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். நீள இழை வேண்டும் என்பது அதனால்தான்.

வத்தல்மலை_வாசி

எங்கள் தாத்தாவின் கறுப்புப் பருத்திக் குடை அப்படித்தான். மழை தொடங்கிய முதல் நிமிடம் முகத்தில் பொடிச்சாரல் தெளிக்கும். அப்புறம் நின்றுவிடும். குடைக்குள் விரலால் தொட்டால் மட்டும் தாத்தா கத்துவார், தொட்ட இடத்தில் ஒழுகும் என்று.

இன்றுதான் காரணம் புரிகிறது.

ஓசூர்_ரைடர்

கதை நன்றாக இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு? நீர் அழுத்தச் சோதனையில், அதாவது துணி மேல் எவ்வளவு உயரத் தண்ணீர் நிற்கும் என்பதில், வென்டைல் தாங்குவது 750 மில்லிமீட்டர் அளவில் என்று படித்தேன். என் சவ்வு ஜாக்கெட்டின் சீட்டில் 10,000 போட்டிருக்கிறது. எங்கே அது, எங்கே இது?

பாவும்_ஊடையும்

கணக்கு சரிதான் தம்பி. பெங்களூர் சாலையில் எண்பதில் பைக் ஓட்டும்போது எதிர்மழை நெஞ்சில் அறையும், உங்களுக்குச் சவ்வுதான் சரி. பருத்தியை வாங்குங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அதிலும் ஒற்றைத் துணி, நீர்விலக்கும் பூச்சு இல்லாமல் போட்டால் தோள்பட்டையில் பையின் வார் அழுத்தும் இடத்தில்தான் முதலில் ஊறும். வெளிநாட்டிலும் கனமழைக்கு இரட்டைத் துணியில்தான் தைக்கிறார்கள். நனைந்த பிறகு அது பலகை மாதிரி விறைக்கும், கனக்கும், காய நேரம் எடுக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் தேன்கனிக்கோட்டைத் தம்பிக்கு என்ன வேண்டும்? பனி, காற்று, தூறல், முள், பொறி, சத்தமின்மை. நமக்குப் பெருமழை ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் இடியோடு வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். அதற்கு மரத்தடியும் குடையும் பிளாஸ்டிக் தாளும் இருக்கின்றன. காவல் உச்சத்தில் இருக்கும் மார்கழியில் பெய்வது பனி.

இன்னொன்று. சவ்வு வேர்வை ஆவியை வெளியே விடுவது உள்ளே ஈரம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான். மழைக்காலத்து ஒகேனக்கலில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது ஆவி எங்கே போகும்?

ஓசூர்_ரைடர்

அது உண்மை. போன ஐப்பசியில் அஞ்செட்டி ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கழற்றினேன். வெளியே நனைந்திருந்ததைவிட உள்ளே அதிகம் நனைந்திருந்தேன். மேலே சொன்ன சவ்வும் மூன்றாம் வருடம் தோள்பட்டையில் உரிந்து அப்பளமாகிவிட்டது. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.)

பர்கூர்_ஜவுளி

கடையில் உட்கார்ந்துகொண்டு படித்தேன். நம்மிடம் கிடைப்பதைச் சொல்கிறேன்.

போப்ளின்: சட்டைத்துணி, பாவாடைத்துணி. நெருக்கம் என்று வாடிக்கையாளர் நினைப்பார், ஜாக்கெட்டுக்கு ஆகாது. டிரில்: காக்கி, பள்ளிக்கூடக் கால்சட்டை. கேன்வாஸ்: பைக்கும் ஷூவுக்கும் போவது, கனம் பல அளவில் வரும். டெரிகாட்டன்: யூனிஃபார்ம். அப்புறம் இறகுத் தலையணைக்கு உறை தைக்க ஏற்றுமதிக்கு நெய்யும் டவுன்ப்ரூஃப் துணி என்று ஒன்று உண்டு. இறகின் காம்பு வெளியே எட்டிப் பார்க்காத அளவுக்கு நெருக்கமாக இருக்கும். பர்கூரில் அது எப்போதும் இருக்காது, ஈரோட்டில் ஏற்றுமதியில் மிஞ்சியது வரும்போது பீஸாக எடுக்கலாம். உங்களுக்கு நான் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. படுக்கை விரிப்புப் பெட்டியில் சதுர அங்குலத்துக்கு 1000 இழை என்று போட்டிருப்பதைப் பார்த்து அதை வாங்கி ஜாக்கெட் தைக்கலாம் என்று ஒருவர் வந்தார். இரட்டை நூல், மூன்று நூல் சேர்த்து முறுக்கியதை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்ட கணக்கு பல நேரம் அது. விரித்து வெளிச்சத்தில் காட்டினேன், எதிரே இருந்த டீக்கடை தெரிந்தது.

பாவும்_ஊடையும்

அருமை. கடையில் எண்ணைப் பார்க்காதீர்கள், வாயால் ஊதிப் பாருங்கள். துணியை உதட்டோடு அழுத்தி ஊதினால் சட்டைத்துணியில் மூச்சு தாராளமாகப் போகும். நல்ல நெருக்கத் துணியில் கன்னம் உப்பும், காற்று முனகிக்கொண்டுதான் போகும். காற்றுத் தடுப்புக்கு இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

வாங்கி வந்ததும் இரண்டு முறை வெந்நீரில் அலசிவிட்டு மறுபடி ஊதுங்கள். புதுத்துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அதோடு சோதித்தால் கஞ்சியைத்தான் சோதிக்கிறீர்கள். டவுன்ப்ரூஃபைச் சூடான உருளைக்கு இடையில் அழுத்தித் தட்டையாக்கியிருப்பார்கள், துவைக்கத் துவைக்க அந்த அழுத்தம் கொஞ்சம் தளரும். மீதி எவ்வளவு நிற்கிறதோ அதுதான் நெசவு தரும் நெருக்கம்.

தையல்_அக்கா (பாலக்கோடு)

கேபர்டினை யாரும் சொல்லவில்லையே? எங்கள் கடையில் பேன்ட்டுக்கு வரும். சாய்வரி நெருக்கமாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் உருண்டு நிற்கும்.

பாவும்_ஊடையும்

நல்ல ஞாபகம் அக்கா. மழையங்கித் துணியில் அதுதான் மூத்தது. தாமஸ் பர்பெர்ரி 1879இல் உருவாக்கினார். நெய்த பிறகு மேலே பூசாமல், நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்விலக்குப் பதம் போட்டது அவருடைய யோசனை. தென்துருவம் போன அமுண்ட்செனும் 1924இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியும் உடுத்தியது அந்தத் துணிதான். அப்புறம் 1923இல் பர்ன்லி நகரத்து மில்காரர் ஹேதார்ன்த்வெய்ட், லாப்ரடார் பனிப் பிரதேசத்தில் மருத்துவம் பார்த்துவந்த கிரென்ஃபெல் என்ற டாக்டருக்காக ஒரு நெருக்கத் துணி நெய்தார். அதற்கு டாக்டரின் பெயரே நின்றுவிட்டது.

ஆனால் இன்று உங்கள் கடைக்கு வரும் கேபர்டினில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். தண்ணீர் உருண்டு நிற்பது பூச்சால்தான். பாலியஸ்டர் இழை தண்ணீரில் ஊதாது. கண் காய்ந்தபோது எவ்வளவோ நனைந்தபோதும் அவ்வளவே.

அதற்காக டெரிகாட்டனைத் தள்ளிவிடாதீர்கள். ஸ்வீடனில் ஃபியல்ராவன் கம்பெனி 1968லிருந்து விற்கும் ஜி-1000 துணி 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி. நம்மூர்ப் போலீஸ் காக்கிக்குச் சொந்தக்காரன்தான்! நெருக்கி நெய்து, மேலே பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த கட்டியைத் தேய்த்து இஸ்திரி போட்டுவிடுகிறார்கள். சீக்கிரம் காயும், முள்ளுக்குத் தாங்கும். நீரைத் தடுக்கும் வேலையை மெழுகு பார்த்துக்கொள்கிறது.

மேலகிரி_நடை

பத்து நாள் கழித்து வருகிறேன். சும்மா இருக்கவில்லை.

ஈரோடு போய் ஐந்து துணி அரை அரை மீட்டர் எடுத்தேன். எல்லாவற்றையும் இருமுறை வெந்நீரில் அலசினேன். இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் பைப் ஒரு மீட்டர் வாங்கி, கீழ் வாயில் துணியை வைத்து, அது தொங்கிவிடாமல் அடியில் கொசுவலைக் கம்பித் துண்டும் வைத்து ஹோஸ் கிளிப்பால் இறுக்கினேன். மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். துணியின் அடியில் மூன்று இடத்தில் துளி எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டேன். ஆய்வுக்கூடத்திலும் மூன்று துளிதான் கணக்கு என்று ஐயா தனியாகச் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

போப்ளின் ஒரு விரற்கடை கூட நிற்கவில்லை. ஊற்றியது ஊற்றியபடி வந்தது. டிரில் கைக்கு முரட்டுத்துணி, இது தாங்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு சாண் ஏறுவதற்குள் அடியெல்லாம் முத்து முத்தாக நின்றது. டெரிகாட்டனும் ஏறக்குறைய அப்படியே.

கேன்வாஸ் வேடிக்கை காட்டியது. முதலில் வேகமாகச் சொட்டியது. சரி, இதுவும் போச்சு என்று பைப்பைக் கொல்லையில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சொட்டு பாதியாகக் குறைந்திருந்தது. மேலும் ஊற்றினேன், நின்றது. லாரித் தண்ணீர்ப் பை! ஆனால் அந்தக் கனத்தில் ஜாக்கெட் தைத்தால் பரண் ஏணியில் ஏற முடியாது.

டவுன்ப்ரூஃப் முழங்கை உயரம் வரை பேசாமல் இருந்தது. அதற்கு மேல்தான் வேர்க்கத் தொடங்கியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்துப் பார்த்தேன். உயரம் இரு மடங்கு ஆகவில்லை, ஆனால் துளி வர எடுத்த நேரம் வெகுவாகக் கூடியது.

டிரில் ஏன் தோற்றது ஐயா? கனத்தில் டவுன்ப்ரூஃபைவிட மேல்.

பாவும்_ஊடையும்

சபாஷ்! கனம் வேறு, நெருக்கம் வேறு. டிரில் சாய்வரி நெசவு. நூல் இரண்டு மூன்றைத் தாண்டி மிதந்துதான் கீழே இறங்கும். அதிலும் நெருக்கலாம், கேபர்டின் அப்படித்தான். ஆனால் விலை குறைந்த யூனிஃபார்ம் டிரிலில் தடித்த நூலைப் போட்டுக் கனத்தைக் காட்டிவிடுவார்கள். தடித்த நூலுக்கு நடுவில் கண்ணும் பெரிதாகத்தான் இருக்கும். கருங்கல்லை அடுக்கினால் இடையில் எலி போகும், கடுகை அடுக்கினால் எறும்புகூடப் போகாது.

மெல்லிய நூலை நெருக்க வேண்டும், மெல்லிய நூலுக்கு நீள இழை வேண்டும். நம் நாட்டில் அதற்கு ஒரு நல்ல பஞ்சு இருக்கிறது. கோவையில் 1974இல் வெளியிட்ட சுவின். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகத்தைச் சேர்த்ததால் அந்தப் பெயர். இழை 38 மில்லிமீட்டர் அளவில் வரும், 120ஆம் நம்பர் நூல்வரை நூற்கலாம் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு). நான் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பஞ்சு வந்தால் பிரிவில் எல்லோரும் கையில் எடுத்து இழுத்துப் பார்ப்போம். விளைவது கொஞ்சம், அதுவும் விலை உயர்ந்த சட்டைக்கும் சேலைக்கும் போய்விடுகிறது. மழையங்கிக்கு யாராவது நெய்யக் கூடாதா என்று எனக்குப் பல வருட ஏக்கம். சரி, அது என் சொந்தக் கதை.

வத்தல்மலை_வாசி

துணி தேறிவிட்டது. நீர்விலக்குக்கு என்ன செய்வது? காபித் தோட்டத்தில் வேலை பார்க்க எனக்கும் ஒன்று தைத்துக்கொள்ள ஆசை. ஆளி விதை எண்ணெய் தடவலாம் என்று எங்கோ பார்த்தேன். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் செய்தார்களாமே?

பாவும்_ஊடையும்

செய்தார்கள், பாய்மரத் துணியில் எண்ணெய் தடவித்தான் மழைச்சட்டை ஆக்கினார்கள். அது மஞ்சளாகும், குளிரில் விறைக்கும், நாறும். அதைவிட முக்கியம்: ஆளி விதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும். அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, மரவேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வேண்டாம்.

மெழுகா என்றால், வெளிநாட்டு மெழுகுத்துணி ஜாக்கெட்டுகள் முள்ளுக்கு அருமை, ஆனால் குளிர்நாட்டுக்கானவை. வெயிலில் பைக் டாங்கின் மேல் வைத்துவிட்டுப் போனால் பிசுபிசுக்கும். மெழுகு கண்ணை அடைப்பதால் வேர்வையும் வெளியேறாது. நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு மெழுகுத்துணி வேண்டவே வேண்டாம். நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், தோட்ட வேலை. தோளிலும் தலைமூடியிலும் மட்டும் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். மெழுகை உருக்குவதானால் நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள்.

காவலுக்குப் போகும் தம்பிக்கு நான் சொல்வது பழைய முறை, சோப்பும் படிகாரமும். ஒரு லிட்டர் வெந்நீரில் நூறு கிராம் பார் சோப்பைச் சீவிக் கரைத்து அதில் துணியை ஊறவைத்துப் பிழியுங்கள். அப்புறம் லிட்டருக்கு ஐம்பது கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் காய வையுங்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகி இழை மேல் படியும். கண் அடைபடாது, நீர் உருளும். துவைத்தால் போய்விடும், மறுபடி செய்ய வேண்டியதுதான். டிடர்ஜென்ட் பவுடரில் இது வேலைக்கு ஆகாது, சோப்பாகவே இருக்க வேண்டும்.

மேலகிரி_நடை

செய்தேன் ஐயா. திரிதிரியாக வெள்ளைக் கசடு மிதக்கிறது. துணியில் ஒன்றும் பிடிக்கவில்லை.

பாவும்_ஊடையும்

போர்வெல் தண்ணீரா?

மேலகிரி_நடை

ஆமாம்.

பாவும்_ஊடையும்

நம் இரண்டு மாவட்டத்துப் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைத்து நான் பார்த்ததில்லை. உப்பு முதலில் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடுகிறது, துணிக்கு மிச்சமில்லை. ஒகேனக்கல் குடிநீர் வருகிறது அல்லவா, அதில் செய்யுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மேலகிரி_நடை

ஒகேனக்கல் தண்ணீரில் பிடித்துக்கொண்டது! துணியில் தண்ணீர் தெளித்தால் சேம்பிலையில் உருள்வது போல் உருள்கிறது. பைப்பிலும் வைத்துப் பார்த்தேன், பென்சில் கோடு பழைய கோட்டைத் தாண்டி நன்றாகவே மேலே போனது. அம்மா ஒரு குடம் குடிநீரை இதற்கு வீணாக்கியதற்குத் திட்டியது தனிக் கதை.

அக்கா, தைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

தையல்_அக்கா

பதத்தைத் தைத்த பிறகு போட்டிருக்க வேண்டும் தம்பி, தையல் ஓட்டையும் சேர்ந்து மூடியிருக்கும். பரவாயில்லை, கடைசியில் ஒரு முறை மறுபடி முக்கிக்கொள்ளுங்கள்.

நெருக்கத் துணியில் ஊசி போட்ட ஓட்டை மூடாது, பிரித்துத் தைத்தால் வரிசையாகத் தெரியும். அதனால் முதலில் காடாத்துணியில் ஒன்று தைத்து அளவு பார்த்துவிட்டுத்தான் நல்ல துணியை வெட்டுவேன். 16ஆம் நம்பர் ஊசி வேண்டாம், 11 போதும். நூல் உள்ளே பாலியஸ்டரும் வெளியே பருத்தியும் சுற்றியது கிடைத்தால் நல்லது. வெளிப்பருத்தி நனைந்து ஊதி ஓட்டையை அடைக்கும்; பருத்தி ஊதும் என்று மேலே ஐயா சொன்னதைப் படித்ததும்தான் அதன் அருமை எனக்கே தெரிந்தது. இத்தனை நாள் பலத்துக்கு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

தோள்பட்டை உச்சியில் தையல் வரக் கூடாது. முதுகுத் துண்டையே முன்பக்கம் ஒரு கையகலம் இழுத்து வெட்டினால் தையல் நெஞ்சுப் பக்கம் இறங்கிவிடும். எல்லாத் தையலும் ஜீன்ஸ் காலின் உள்பக்கத்தில் வருவது போல மடித்து இரட்டை ஓட்டம். ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு, அதற்குப் பொத்தான். ஒட்டும் பட்டை வைக்காதீர்கள், பிரிக்கும்போது "பர்ர்"ரென்று சத்தம் போடும், யானைக்கு அழைப்பு மணி அடித்த மாதிரி. அக்குளில் இரண்டு சின்னக் காற்றுத்துளை. தோளிலும் முழங்கையிலும் இரட்டைத் துணி, மற்ற இடத்தில் ஒற்றை. முழுக்க இரட்டை என்றால் நடக்கும்போது வேகும்.

நீளம் தொடை பாதி வரை. குனிந்து உட்காரும்போது முதுகு தெரியக் கூடாது.

பர்கூர்_ஜவுளி

நிறம்? டவுன்ப்ரூஃப் பெரும்பாலும் வெள்ளைதான் வரும்.

மேலகிரி_நடை

பச்சை கலந்த மண் நிறத்தில் சாயம் போடக் கொடுத்தேன். வந்தது ஏறக்குறைய சாணி நிறம். காட்டுக்கு அதுவும் நல்லதுதான்.

மேலகிரி_நடை

தை பிறந்தாகிவிட்டது, கதிர் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. பதினான்கு இரவு போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

காற்று: உள்ளே வரவில்லை. ஜாக்கெட்டே சூடு தருவதில்லை, அடியில் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டையின் சூட்டைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகவில்லை என்பதுதான் வித்தியாசம். போன வருடம் அதே சட்டைக்கு மேல் சால்வை போர்த்தி நடுங்கினேன்.

பனி: விடியற்காலையில் தோளில் கை வைத்தால் ஈரம், உள்ளே காய்ந்திருந்தது. இரண்டு இரவு தூறல் போட்டது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் பரண் கட்டையில் முழங்கை ஊன்றியே உட்கார்ந்திருந்ததால் அந்த இடத்தில் மட்டும் ஊறியது, இரட்டைத் துணி போட்டும். வத்தல்மலை அண்ணனின் தாத்தா குடைக்குள் தொடாதே என்றது நினைவுக்கு வந்தது.

பொறி: நான்கைந்து விழுந்தன. தட்டிவிட்டேன். கறுப்புப் புள்ளி இருக்கிறது, ஓட்டை ஒன்றுதான்.

முள்: டவுன்ப்ரூஃப் இண்டு முள்ளுக்குச் சுமார்தான். இடது கையில் இரண்டு அங்குலம் நூல் இழுத்திருக்கிறது. இதில் டிரில் வென்றிருக்கும்.

சத்தம்: ஒரு ராத்திரி ஐந்து யானை வயலின் கீழ்க்கரையில் நின்றன. நான் எழுந்து டார்ச்சை எடுத்து, குனிந்து மாமாவின் காலைத் தட்டுகிற வரை என் பக்கமிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. மாமா கண்ணைத் திறந்ததும் கேட்டது, "எனக்கு ஒன்னு தைக்க எவ்வளவுடா ஆகும்?"

தையல்_அக்கா

மாமாவின் மார்பளவும் கை நீளமும் அனுப்புங்கள். கையில் இந்த முறை முழங்கை முதல் மணிக்கட்டு வரை வெளிப்புறம் டிரில் ஒட்டுப் போட்டுவிடுகிறேன்.

ஓசூர்_ரைடர்

அக்கா, வண்டி ஓட்டாத நாளைக்குப் போட எனக்கும் ஒன்று. சாணி நிறம் மட்டும் வேண்டாம்.